ஒற்றைக்கண் வேன்

"இது யாரு செஞ்சதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பழைய கம்பளிக் காலுறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சிரில் ஹோல்ராய்ட் காலுறையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"இதுவா? ஹாலிஃபாக்ஸ் மார்க்கெட்ல, உள்ள நுழைஞ்சதும் இடது கைப்பக்கக் கடை. எங்கிட்டயும் ஒரு ஜோடி இருக்கு."

"இவனோடது ஓட்டையா இருக்கும். இதுல ஓட்டையே காணோம், அதனால அந்தக் கடையா இருக்காது," என்றார் பக்கத்தில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்த நெவில்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "உள்ள இருக்கறதக் கேட்டேன்."

யார்க்‌ஷயரின் ப்ரிக்ஹவுஸ் ஊர் சர்ச் ஹாலில் பொம்மைக் கார் சந்தை நடக்கும் ஞாயிறுகளில் சிரிலும் நெவிலும் கதவோரம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விற்கமாட்டார்கள், வாங்கமாட்டார்கள். பேர் தெரியாத வண்டியை யார் கொண்டுவந்தாலும் அது எந்த ஊரில், யார் வார்த்தது என்று சொல்லி அனுப்புவார்கள். பெரிய கம்பெனி கார்களை இங்கே யாரும் கொண்டுவருவதில்லை. அதைத் திருப்பிப் பார்த்தால் வயிற்றிலேயே பேர் எழுதியிருக்கும். இவர்களிடம் வருவதெல்லாம் வயிற்றில் ஒன்றும் இல்லாதவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கொல்லைக் கொட்டகையிலும் குதிரை லாயத்திலும் இரண்டு பேர் ஒரு அடுப்பை வைத்துக்கொண்டு ஈயத்தையும் துத்தநாகத்தையும் உருக்கி ஊற்றி, ஒன்றிரண்டு கிறிஸ்துமஸோடு காணாமல் போனார்களே, அவர்களுடைய வண்டிகள். சிரிலுக்கு அந்த அனாதைகள் மேல்தான் உயிர்.

காலுறைக்குள்ளிருந்து ஒரு ரொட்டி வேன் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பச்சை நிறம். தூரிகையால் தடிமனாகப் பூசிய பச்சை. தூரிகை மயிர் ஒன்று கதவுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது. கூரைமேல் ஈரத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து எடுத்த அடையாளம், ரேகையோடு.

சிரில் அதையெல்லாம் பார்க்கவில்லை. வேனின் முகத்தைத்தான் பார்த்தார். வலது பக்கம் உருண்டையாக ஒரு முகப்பு விளக்கு. இடது பக்கம் வழவழவென்று ஒன்றுமே இல்லை.

நெவில் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டேய்."

"பாத்துட்டேன்."

"கண்ணு ஒண்ணுதான்டா இருக்கு."

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல, கத்தாத."

அந்த அம்மா பயந்துவிட்டார். "உடஞ்சு போச்சா? எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

"உடையலம்மா. பொறந்ததே அப்படி," என்றார் சிரில். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "உக்காருங்க. நெவில், அவங்களுக்கு ஒரு டீ வாங்கிட்டு வா."

"நீ போ. நானும் பாக்கணும்."

இருவரும் போகவில்லை. அந்த அம்மாவுக்கு டீ வரவேயில்லை.

சங்கதி இதுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் சோவர்பி ப்ரிட்ஜில் கடை வைத்திருந்த ஒரு கிழவர் இவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். கால்வாய்க்குப் பின்னால் ஒரு சலவைக் கொட்டகையில் மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர் 'டன்வெல்' என்று பேர் வைத்து ரொட்டி வேன் வார்த்தார்களாம். அச்சு வந்த வாரமே ஒரு பக்கம் உடைந்துபோக, புது அச்சுக்கு வழியில்லாமல் அப்படியே ஒற்றை விளக்கோடு வார்த்துத் தள்ளினார்களாம். அன்றிலிருந்து இவர்கள் ஒற்றைக்கண் வேனைத் தேடுகிறார்கள். கண்ணில் படவில்லை. ஆனால் அதை வைத்துச் சண்டை மட்டும் தவறாமல் நடக்கும். சிவப்பு நிறம், பக்கவாட்டில் ரொட்டிக் கடைப் பேர் எழுதியிருக்கும் என்று கிழவர் சொன்னதாகச் சிரில் சாதிப்பார். பெயிண்டே கிடைக்காத காலம், வெறும் உலோகமாகவே விற்றார்கள், வாங்கினவன் வீட்டில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கிழவர் சொன்னதாக நெவில் சாதிப்பார். பொம்மைக் கார் சேகரிப்போர் சங்கத்துக் கிறிஸ்துமஸ் விருந்தில் இந்தப் பேச்சு ஆரம்பித்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

"டன்வெல்," என்றார் சிரில். "இந்தப் பக்கத்துலயே செஞ்சதும்மா. நாங்க பாக்கற மொத வண்டி இது. உங்க பேரு?"

"மேவிஸ் சக்டன். பேரு தெரிஞ்சதுல சந்தோஷம். ஆனா நான் வந்தது வேற ஒண்ணத் தெரிஞ்சுக்க." மேவிஸ் காலுறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "எங்கண்ணன் ரோலி போன வசந்தத்துல போயிட்டான். இது அவனோடது, அப்பா இருக்கறப்ப வாங்கினது. இத வெச்சு எங்களுக்குள்ள ஆயுசு பூரா தகராறு."

"வண்டி யாருக்குன்னா?"

"அதில்ல. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள், சமையலறை மேசையில தன்னோட உக்காந்து இதுக்குப் பெயிண்ட் அடிச்சார்னு ரோலி சொல்வான். அப்பா அப்புறம் வீட்டுக்கு வரல. எங்கம்மா ஒத்துக்கவே மாட்டா. அந்த மனுசன் புள்ளைங்களோட ஒரு நாள் உக்காந்திருப்பாரா, அவன் அப்புறமா தானே அடிச்சுக்கிட்டு கதை விடறான்னு சொல்லுவா. எனக்கு அப்ப சின்ன வயசு, எதுவும் ஞாபகமில்ல. நான் அம்மா பக்கம் சேந்துக்கிட்டேன்." மேவிஸ் நிறுத்தினார். "அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருக்கோம், அவன் மறுபடி அந்தக் கதைய எடுத்தான். எல்லாரும் இருக்கறப்பவே பொய்யன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவன் என் வீட்டு வாசப்படி ஏறல."

நெவில் தரையைப் பார்த்தார்.

"அவன் சொன்னது நெசமா, பொய்யா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

சிரில் வேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம், கீழ் மூலைகள் இரண்டிலும், பச்சைக்கு நடுவே பொட்டு வைத்த மாதிரி சிவப்பு தெரிந்தது. இத்தனை வருஷமாக அவர் சாதித்த சிவப்பு.

"தெரிஞ்சுக்கலாம்மா. இந்தப் பச்சை கடையில அடிச்சதில்ல, வீட்டுல அடிச்சது. அதுக்கு அடியில கம்பெனி பெயிண்ட் இருந்தா, புதுசுல வேற நிறம், பழசான பின்னாடி பையன் மேல பூசியிருக்கான்னு அர்த்தம். அடியில ஒண்ணுமே இல்லன்னா வெறும் உலோகமா வாங்கியிருக்காங்க. அப்ப வாங்கின சூட்டோட, அப்பா இருக்கறப்பவே அடிச்சதுன்னு அர்த்தம். அடுத்த சந்தை வரைக்கும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"ஒண்ணும் ஆயிடாதே?"

"எங்கிட்ட இருக்கற வண்டிங்க எல்லாம் என்னைவிட நல்லா இருக்கு."

"அது நெசம்," என்றார் நெவில்.

மேவிஸ் வேனைக் காலுறைக்குள் போட்டு, காலுறையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

*

அடுத்த ஞாயிறு, மாட்டிறைச்சியும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் சாப்பிட்ட பிறகு, சிரிலின் தோட்டத்துக் கொட்டகையில் இருவரும் வேனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடித்தகட்டுப் பக்கமா கொஞ்சம் சுரண்டிப் பாரு. போதும்," என்றார் நெவில்.

"சுரண்ட எதுக்கு? பின்னாடி பாரு. சிவப்பு எட்டிப் பாக்குது. ஒரு மூலையில இல்ல, ரெண்டு மூலையிலயும். பச்சை தேஞ்ச இடத்துல அடியில இருக்கறது தெரியுது."

நெவில் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "சிவப்புதான். ஆனா உள்ள பாரு, கூரைக்கு உள்பக்கம் வெறும் உலோகம். சக்கர அச்சு முனையிலகூட பச்சை ஒட்டியிருக்கு. முழுசா பூட்டின பின்னாடி அடிச்சிருக்காங்க."

"அதத்தான நானும் சொல்றேன்! பசங்க வீட்டுல அடிச்சா அப்படித்தான் ஆகும்."

"வெறும் உலோகமா வாங்கி அடிச்சாலும் அப்படித்தான்டா ஆகும்."

அங்கே பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. சாட்சி ஒன்றே, வழக்குதான் இரண்டு.

பையன்கள் பூசிய பெயிண்டைச் சங்கத்தில் யாரும் பெயிண்ட் என்றே சொல்லமாட்டார்கள், அழுக்கு என்பார்கள். வீட்டு வாசற்கதவுக்கு வாங்கிய பெயிண்டில் மீதியை ஒரு காருக்குப் பூசியிருந்தால், அந்தக் காரைப் பெயிண்ட் ரிமூவர் ஜாடிக்குள் போட்டு எடுப்பது அவர்களுக்குக் குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி. சிரில் எத்தனையோ வண்டிக்கு முகம் கழுவியிருக்கிறார். இதற்கும் கழுவி, சிவப்பு வேனாக, பக்கத்தில் ரொட்டிக் கடைப் பேரோடு அந்த அம்மாவின் கையில் கொடுத்தால் அவர் முகம் எப்படி மலரும் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டார். நெவிலின் முகம் எப்படிப் போகும் என்பதையும்தான்.

"டீ குடிச்சுட்டு முடிவு பண்ணலாம்," என்று நெவில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

சிரில் தனியாக வேனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் தானாகக் கூரையில் இருந்த அந்தத் தடத்துக்குள் போய் உட்கார்ந்தது. அளவெடுத்த மாதிரி.

"ஈரத்துல கைய வெச்சுக் கெடுத்திருக்கான் பாரு," என்று சொல்லிக்கொண்டார். ஜாடி மூடியைத் திறந்து வேனை உள்ளே இறக்கினார்.

நெவில் திரும்பி வந்தபோது ஜாடிக்குள் பச்சை சுருங்க ஆரம்பித்திருந்தது. காய்ச்சின பாலில் ஆடை சுருங்குவதுபோல.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"முழுசாவா?"

"பாதி வேனப் போட முடியுமா?"

நெவில் இரண்டு கோப்பையிலும் டீ ஊற்றினார். அவருக்கும் பார்க்க ஆசைதான், அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் பின்பக்கச் சிவப்புப் பொட்டுகள் இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின. சிரில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு பக்கங்களிலிருந்து பச்சை உரிந்தது. கடைசியாகக் கூரை. அந்தக் கட்டைவிரல் ரேகை கலையாமல் ஒரே ஏடாகக் கழன்று, கொஞ்ச நேரம் மிதந்து, மடிந்து, அடியில் போய்ப் படிந்தது.

சிரில் வேனை வெளியே எடுத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தார். கழுவினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

சிவப்பு இல்லை. எழுத்தும் இல்லை. அச்சிலிருந்து இறங்கியபோது இருந்த சாம்பல் நிற உலோகம், அதில் அரத்தால் ராவிய கோடுகள், வேறொன்றும் இல்லை. எந்தச் சந்திலும் பச்சையைத் தவிர வேறு நிறத்தின் தூசிகூட இல்லை.

"வெறும் உலோகம்," என்றார்.

"ம்."

"நீ சொன்னதுதான்டா சரி."

"ம்."

"சொல்லேன். ஜெயிச்சுட்டேன்னு சொல்லித் தொலையேன். இத்தன வருசமா அதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்த."

"சொல்லத் தோணல," என்றார் நெவில். டீ ஆறிப்போயிருந்தது. "அந்தம்மாவோட அண்ணன் சொன்னது நெசம். அதுதான மனசுல ஓடுது உனக்கு?"

"அவங்கப்பா அடிச்ச பெயிண்ட்டுடா அது."

இருவரும் ஜாடியைப் பார்த்தார்கள். பச்சைக் குழம்பாக ஏதோ கிடந்தது.

*

"அதே பச்சை எங்கிட்ட இருக்கு," என்று சில நாள் கழித்து நெவில் ஒரு பழைய தகர டின்னோடு வந்தார். "எங்கப்பா கோழிக்கூண்டுக்கு அடிச்சது. டின்னுக்குள்ள இன்னும் காயல. தூரிகையில அடி. ஒரு மயிரு கூட ஒட்ட வை. அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போகுது?"

"ஏமாத்தச் சொல்றியா?"

"சும்மா இருக்கறவங்கள ஏன் அழ வைக்கணும்னு சொல்றேன். சேதியச் சொல்லு, அண்ணன் நெசம்தான் சொன்னான்னு சொல்லு. வண்டியையும் பழையபடி குடு. யாருக்கு நட்டம்?"

சிரில் திட்டினார். திட்டிவிட்டு, நெவில் போனதும் டின்னைத் திறந்தார். மூடியில் ஒட்டியிருந்த பச்சையை ஞாபகத்தில் இருந்த பச்சையோடு ஒத்துப் பார்த்தார். ஏறக்குறைய அதேதான். தூரிகையை எடுத்துப் பக்கங்களை அடித்தார், முன்னாலும் பின்னாலும் அடித்தார், கூரையையும் அடித்தார். கை தேர்ந்த கை, வேண்டுமென்றே குழந்தைத்தனமாக அடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு கட்டைவிரலைக் கூரைக்கு மேலே கொண்டுபோனார். பொருந்துகிற விரல்தான். ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொருந்துகிறது. தன்னுடைய விரல், ஒரு முழு ஆம்பிளையின் விரல், அந்தத் தடத்தில் பொருந்தியது.

கையை இறக்கினார். பிறகு ஒரு துணியை நனைத்து, காயாத பச்சையை முழுக்கத் துடைத்துவிட்டார்.

*

பிப்ரவரிச் சந்தையன்று வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மேவிஸ் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

"இஞ்சிக் கேக். நானே செஞ்சேன். பல்லு ரெண்டு பேருக்கும் சொந்தம்தானே?"

"இவனோடது வாடகை," என்றார் நெவில். சிரிலைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"மொதல்ல சேதி சொல்லிடறேன்மா," என்றார் சிரில். "உங்கண்ணன் பொய் சொல்லல. வெறும் உலோகமா வித்த வண்டி அது. வீட்டுலதான் மொத மொதல்ல அடிச்சிருக்காங்க."

மேவிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

"ரோலி..." என்றார். கைக்குட்டையைத் தேடினார். முகம் துடைத்துக்கொண்ட பிறகு கையை நீட்டினார். சிரில் காலுறையைக் கொடுத்தார்.

மேவிஸ் அதை உதறி வேனை உள்ளங்கையில் விழவிட்டார்.

"இது எங்களோடது இல்லையே."

"அதேதான்மா."

"பச்சை எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா... வெச்சிருக்கீங்களா?"

சிரில் நெவிலைப் பார்த்தார். நெவில்தான் சொன்னார். "இல்லம்மா. மருந்துல கரைஞ்சு போச்சு."

"அடியில என்ன நிறம்னு பாக்கணும்னு..." என்றார் சிரில். "ஒரு ஓரத்துல பாத்திருந்தாலே போதும். நெவில் சொன்னான், நான்தான் கேக்கல. பின்னாடி ரெண்டு பக்கமும் சிவப்பு தெரிஞ்சுது. அடியில பூரா சிவப்புன்னு நம்பிட்டேன்."

மேவிஸ் நிமிர்ந்தார். "அந்தச் சிவப்பா? அது நான் வெச்சது. அம்மாவோட நகப்பாலிஷ். பின்னாடி லைட்டே இல்லயேன்னு வெச்சேன். ரோலி என்னை அடிச்சான் அதுக்கு."

பச்சைக்கு மேலே இருந்ததை அடியில் இருந்ததாகச் சிரில் நினைத்திருக்கிறார். இத்தனை வருஷம் பூதக்கண்ணாடி பிடித்த கை. சிரிலுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

"எப்ப வெச்சீங்க?" என்று நெவில் மெல்லக் கேட்டார்.

"அப்பா போன அடுத்த கோடை. ரோலிக்கு அப்ப பத்து வயசு." மேவிஸ் வேனின் வெறும் கூரையைத் தடவினார். "இங்க ஒரு விரல் இருந்துச்சே. அவன் தொடவே விடமாட்டான். அப்பா தூக்கிக் காட்டினப்ப பட்டதும்பான். அதையும் நாங்க நம்பல, இவனே வெச்சுக்கிட்டு கதை அளக்கறான்னு அம்மா சொல்லுவா."

சிரில் தன் வலது கையை மேசைமேல் வைத்தார்.

"பெரிய விரல்மா அது. பத்து வயசுப் பையனோடது இல்ல. மருந்துல போடறதுக்கு முன்னாடி என் விரல வெச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

"வெச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா."

"நான் ஒரு தடவகூட வெச்சதில்ல," என்றார் மேவிஸ். "அவன் போன பின்னாடிகூட வைக்கத் தோணல. அவனோட சாமானாச்சேன்னு."

நெவில் எழுந்து டீ வாங்கப் போனார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

"நான் வேணா திரும்ப..." என்று சிரில் ஆரம்பித்தார்.

"வேண்டாம். அடிக்காதீங்க." மேவிஸ் வேனை மேசைமேல், சிரில் பக்கமாக நகர்த்தினார். "வைங்க."

"என்னம்மா?"

"எங்க இருந்துச்சோ அங்க. விரல வைங்க. பாக்கறேன்."

சிரில் வைத்தார். உலோகம் பனிபோலச் சில்லென்றிருந்தது. மேவிஸ் தலையைச் சாய்த்து அந்த விரலைப் பார்த்தார், நகத்தை, மூட்டை, கூரையில் அது அடைத்துக்கொண்டிருந்த இடத்தை.

"அவ்வளவு பெரிசா?"

"அவ்வளவு பெரிசு."

"சரி. எடுத்துக்கோங்க."

விரலை எடுத்ததும் சாம்பல் நிறக் கூரையில் வியர்வைத் தடம் ஒன்று ரேகையோடு நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து உள்வாங்கி, சிறுத்து, இல்லாமல் போயிற்று. அது போகும்வரை மேவிஸ் வேனைத் தொடவில்லை. போனபிறகு எடுத்துக் காலுறைக்குள் போட்டு, கைப்பையில் வைத்து, கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நெவில் மூன்று கோப்பையோடு வந்து நின்றார்.

சிரில் பொட்டலத்தை மேவிஸ் பக்கமாக நகர்த்தினார். "இத எடுத்துட்டுப் போங்கம்மா. இத வாங்கிக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

"சாப்பிடுங்க," என்றார் மேவிஸ். "அதையும் தூக்கிட்டு வீட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்ல."